பூட்டிய வீடும் தொலைதூரப் பொத்தானும்

நம் சங்கத்துப் பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னிடம் கேட்டார், "ஊர் வீட்டு மோட்டாரைத் தில்லியிலிருந்தே போடுகிறீர்களாமே, மெய்தானா?" மெய்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் எதிர் வரிசையிலிருந்து இன்னும் மூன்று பேர் தலையை நீட்டிவிட்டார்கள். பாயசம் வருவதற்குள் தெரிந்துபோன விஷயம், அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஊரில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது. விற்கவும் மனம் வரவில்லை, இடிக்கவும் மனம் வரவில்லை. கோடை விடுமுறையில் பதினைந்து நாள், பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போனால் நாலு நாள். மீதி நாளெல்லாம் பூட்டுத்தான். அந்தப் பந்தியில் பாதியில் நின்றுபோன பேச்சை முழுதாக எழுதிக் கொடுங்கள் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். நான் மின் பொறியாளன் அல்லேன். கணக்குத் துறையில் 30 ஆண்டு குப்பை கொட்டியவன். செய்து, தப்புச் செய்து, திருத்திக்கொண்டவன் என்ற தகுதி மட்டும் உண்டு.

எங்கள் வீடு அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. முன்னே தார்சா, அடுத்துப் பட்டாசல், இரண்டு அறை, அடுக்களை, புறவாசலில் கிணறு. கிணற்றடியில் ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார். நாலு தென்னை, ஒரு மா, அம்மா வைத்த பிச்சிக்கொடி. 2019இல் அம்மா காலமான பிறகு வீட்டில் ஆள் இல்லை. சாவி பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம். அவருக்கும் எங்களுக்கும் உறவு கிடையாது. ஆனால் அப்பா காலத்திலிருந்தே அவர்தான் எங்கள் வீட்டுக்கு வலது கை. வாரம் இரண்டு முறை போய் மோட்டாரைப் போட்டு மரங்களுக்குத் தண்ணீர் விட்டு, வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றி வைப்பார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஒன்றரை வருஷம் நாங்கள் ஊர்ப்பக்கமே போக முடியவில்லை. அண்ணாச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. தொலைபேசியில் பேசும்போது "அதெல்லாம் போட்டாச்சு தம்பி" என்பார். ஆனால் 2021 செப்டம்பரில் நாங்கள் போனபோது ஒரு தென்னை பட்டுப் போயிருந்தது. அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. அவருக்கு அலைச்சலைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இந்த வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிவிடுகிறேன். தில்லியில் கைப்பேசித் திரையைத் தொட்டால் அந்தக் கட்டளை நேராக ஊர் வீட்டுக்குப் போவதில்லை. போகவும் முடியாது. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தாம். உலக ஜனத்தொகைக்கே காணாது. ஆகவே கைப்பேசி நிறுவனங்கள் ஏராளமான சந்தாதாரர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கின்றன. கரோல்பாகில் நம்மில் பலர் பிரம்மச்சாரிகளாக இருந்த காலத்து மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் இருபது அறை, கீழே முதலாளி மேசையில் ஒரே தொலைபேசி. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பதினான்காம் அறைக்காரருக்கு மணி அடிக்காது. ஆனால் பதினான்காம் அறைக்காரர் தாமே இறங்கி வந்து வெளியே பேசலாம்.

நம் வீட்டு ஸ்விட்சும் அதைத்தான் செய்கிறது. மின்சாரம் வந்ததும் அது வீட்டு ரௌட்டர் வழியாக, அதைச் செய்த நிறுவனத்தின் சர்வருக்குத் தானே ஒரு தொடர்பு எடுத்து, அந்தத் தொடர்பை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாம் இங்கே தொடுவது அந்தச் சர்வருக்குப் போகிறது. சர்வர், ஏற்கெனவே திறந்திருக்கும் அந்தத் தொடர்பு வழியாக ஸ்விட்சுக்குச் சொல்கிறது. இப்படிக் குறைந்த செலவில் சின்னச் செய்திகளைக் கடத்தப் பயன்படும் எம்.க்யூ.டி.டி. என்ற முறை 1999இல் உருவானது. பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக ஏற்பட்டது. இன்றைக்கு அது நம் வீட்டுப் பிச்சிக்கொடிக்குத் தண்ணீர் விடுகிறது.

ஆகவே, வீட்டு மின்சாரம், ரௌட்டர், சிம் அல்லது கம்பித் தொடர்பு, ஊர்க் கோபுரம், நிறுவனத்தின் சர்வர், நம் கைப்பேசி என்று ஒரு சங்கிலி. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் நம் கைப்பேசியில் தெரிவது "ஆஃப்லைன்" என்ற ஒரே வார்த்தைதான். எந்தக் கண்ணி என்று அது சொல்லாது. இந்த ஏற்பாட்டில் முக்கால்வாசித் தலைவலி இதுதான்.

தொடர்புக்கு இரண்டு வழி. எங்கள் தெருவுக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்திருக்கிறது. ஆனால் ஆடிக் காற்றில் ஒரு மட்டை விழுந்தால் போயிற்று. வந்து ஒட்டிக் கொடுக்க வீட்டில் ஆள் வேண்டும், கதவு திறக்க வேண்டும். நான் சிம் போடும் 4ஜி ரௌட்டரையே வைத்தேன். எந்த நிறுவனத்தின் சிம் என்பதை இங்கிருந்து முடிவு செய்யாதீர்கள். ஊருக்குப் போகும்போது நாலு சொந்தக்காரர் கைப்பேசிகளை வாங்கி, ரௌட்டர் வைக்கப்போகும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். நம் பழைய வீடுகளின் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி கனம். வாசலில் நாலு கோடு காட்டும் கைப்பேசி அடுக்களையில் ஒன்றுகூடக் காட்டாது. வீட்டுக்குள் ஓடும் வைஃபைக்கும் அதே கதிதான். இந்த ஸ்விட்சுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் பேசும். சுவரை ஊடுருவ அதுவே மேல். நான் ரௌட்டரைப் பட்டாசலிலிருந்து புறவாசல் நிலைக்கு மேலே மாற்றிய பிறகுதான் கிணற்றடி வரை எட்டியது.

சிம்மைப் பற்றி இன்னொரு வார்த்தை. எனக்கு நடந்த தடங்கல்களை எண்ணிப் பார்த்தால் முதலிடம் இடிக்கும் இல்லை, மின்வெட்டுக்கும் இல்லை. ரீசார்ஜ் தேதி மறந்ததற்குத்தான். மூன்று முறை. இப்போது பால் கணக்கு எழுதும் காலண்டரில் என் மனைவி சிவப்பு மையால் வட்டம் போட்டு வைக்கிறாள்.

மின்சாரத்துக்கு வருவோம். ரௌட்டருக்கென்று 12 வோல்ட் சின்ன யூ.பி.எஸ். கிடைக்கிறது, உள்ளங்கை அகலம்தான். நாலு மணி நேரம் தாங்கும். அதைவிட முக்கியம், மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது ஒவ்வொரு ஸ்விட்சும் எந்த நிலையில் விழிக்க வேண்டும் என்ற அமைப்பு. விற்கும்போது சில ஸ்விட்சுகளில் "முன்பிருந்த நிலை" என்றும், சிலவற்றில் "ஆன்" என்றும் இருக்கும். எல்லாவற்றையும் "ஆஃப்" என்று மாற்றிவிடுங்கள். நடுராத்திரி மூன்று மணிக்குக் கரண்ட் வந்து, ஆளில்லாத வீட்டில் மோட்டார் தானாக ஓடுவதை யாரும் விரும்பமாட்டார்கள். ரௌட்டர் சில சமயம் காரணமில்லாமல் மரத்துப்போய் நிற்கும். நாம் அங்கே இருந்தால் பிடுங்கிச் செருகுவோம். அதற்கு நான் செய்த உபாயம், சாதாரண டிஜிட்டல் டைமர் ஒன்றை நடுவில் போட்டு, தினம் விடியற்காலை நாலு மணிக்கு ரௌட்டர் இரண்டு நிமிஷம் அணைந்து எழும்படி வைத்தது. யூ.பி.எஸ். இருப்பதால் டைமரை அதற்குப் பின்னால், அதாவது ரௌட்டர் பக்கம் போட வேண்டும். அது 12 வோல்ட்டில் ஓடும் டைமராக இருக்க வேண்டும். முன்னால் போட்டால் யூ.பி.எஸ். பாட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும், ரௌட்டர் அணையவே அணையாது. நான் முதலில் அப்படித்தான் போட்டேன்!

இனி மோட்டார். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

கடையில் 16 ஆம்பியர் என்று எழுதிய வைஃபை ஸ்விட்ச் கிடைக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஆறு ஏழு ஆம்பியர்தான் இழுக்கும். அப்படியானால் தாராளம் என்று நேராக அதில் கொடுத்துவிடாதீர்கள். மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஸ்விட்சுக்குள் இருக்கும் சின்ன ரிலேயின் முனைகள் அந்தத் தீப்பொறியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால், நாம் கைப்பேசியில் ஆஃப் என்று தட்டலாம், திரையும் ஆஃப் என்றே காட்டும், மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சரியான வழி, நடுவில் ஒரு கான்டாக்டர் வைப்பது. அது மின்காந்தத்தால் இழுபடும் பெரிய ஸ்விட்ச். வைஃபை ஸ்விட்ச் அந்தக் காந்தச் சுருளுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும். மோட்டாரின் சுமையைக் கான்டாக்டர் தாங்கும். ஊர் எலக்ட்ரீஷியன்கள் எல்லோருக்கும் இது தெரிந்த வேலை.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச நம் பக்கத்து விவசாயிகள் நெடுநாளாக மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார்கள். இணையமே வேண்டாம், அதிலுள்ள சிம்முக்குப் போன் போட்டு எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். வீட்டில் மோட்டார் ஒன்றுதான் வேலை என்றால் அதுவே போதும். ஆனால் அவற்றில் பல 2ஜியில் வேலை செய்பவை. ஜியோவில் 2ஜி கிடையாது, ஆகவே அந்தச் சிம் அதில் பேசாது. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரக் கட்டுப்பாடு. முதல் மாதம் ஒரு நாள் காலையில் மோட்டாரைப் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஊரில் கோபுரம் படுத்துவிட்டது. ஆன் செய்தவனால் ஆஃப் செய்ய முடியவில்லை. தொட்டி நிரம்பி, வழிந்து, புறவாசல் சேறாகி, மூன்று மணி நேரம் கழித்துச் சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்து நிறுத்தினார். "நாற்பது நிமிஷத்தில் தானே அணைந்துவிடு" என்ற கட்டளை ஸ்விட்சுக்குள்ளேயே பதிவாகியிருக்க வேண்டும். கைப்பேசியில் நாம் வைக்கும் அலாரமோ, சர்வரில் இருக்கும் டைமரோ தொடர்பு அறுந்தால் உதவாது. கூடவே, கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் காப்புக் கருவி ஒன்றும் வேண்டும். தண்ணீரை இழுக்காதபோது மோட்டார் எடுக்கும் கரண்ட் குறையும். அந்தக் குறைவைக் கண்டு அது நிறுத்திவிடும்.

இவ்வளவும் செய்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2022 மே மாதம், நாங்கள் ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருந்தது. அதற்கு முந்தின நாள் மோட்டாரைப் போட்டபோது உறுமியதே தவிர ஓடவில்லை, காப்புக் கருவி நிறுத்திவிட்டது. அண்ணாச்சியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஒருவேளை இன்று ஓடுமோ என்று மறுபடி ஆன் செய்தேன். ஓடியது. நமக்கு அதில் ஒரு சந்தோஷம். அரை மணி கழித்து அவரிடமிருந்து போன்.

"தம்பி, மோட்டாரு தானா ஓடிச்சே, நீங்க எதுவும் பண்ணுனியளா?"

"ஆமா அண்ணாச்சி, இப்பத்தான் போட்டேன். தண்ணி ஏறுதா?"

"தண்ணி ஏறுது. என் துண்டுதான் போச்சு."

சிறிது நேரம் எனக்கு விளங்கவில்லை. நாள்கணக்கில் ஓடாமல் கிடக்கும் மோட்டார் இறுகிப்போகும். பின்பக்க மூடியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் விசிறியைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் இளகிவிடும். ஊரில் எல்லோரும் செய்வதுதான். அண்ணாச்சி நான் கேட்காமலே வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். கையை எடுத்து, முகத்தைத் துடைக்கத் தோளில் கிடந்த துண்டை இழுத்த நேரம், 2,500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நான் பொத்தானைத் தொட்டேன். விசிறி துண்டைச் சுற்றி இழுத்துக் கிழித்துப் போட்டுவிட்டது. இரண்டு நொடி முன்னால் அங்கே இருந்தது அவருடைய விரல்கள்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் போனை வைத்துவிட்டு நெடுநேரம் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். அன்று முதல் ஊருக்குப் போகும் வரை அந்தப் பொத்தானைத் தொடவில்லை.

தவறு யாருடையது என்று பார்த்தால், முழுக்க என்னுடையது. அண்ணாச்சி கவனக்குறைவாக இல்லை. கிணற்றடிச் சுவரில் இருக்கும் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுத்தான் மூடியைக் கழற்றியிருக்கிறார். முப்பது வருஷமாக அது ஆஃப் என்றால் ஆஃப்தான். நான் என்ன செய்திருந்தேன் என்றால், மாடிப்படி விளக்குக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று போடுகிற நினைப்பில், அவருடைய ஸ்விட்சையும் என் வைஃபை ஸ்விட்சையும் இணையாகக் கோத்திருந்தேன். இரண்டில் எது ஆன் ஆனாலும் மோட்டார் ஓடும். அவருக்கும் வசதி, எனக்கும் வசதி என்று நினைத்தேன். அதன் பொருள், அவர் ஆஃப் செய்வதற்கு இனி மதிப்பில்லை என்பது. அந்த மாற்றத்தை அவருக்கு நான் சொல்லவும் இல்லை.

அந்த மே மாதம் செய்த திருத்தம் இது. ஆலைகளில் இருப்பதுபோல மூன்று நிலையுள்ள திருகு ஸ்விட்ச் ஒன்றைக் கிணற்றடியில் வைத்தோம். வலப்பக்கம் திருகினால் "கை". அங்கே நிற்பவர்தான் ஓட்ட முடியும். இடப்பக்கம் "தொலை". நான் ஓட்டலாம். நடுவில் "நிறுத்தம்". அதில் வைத்துவிட்டால் தில்லியிலிருந்து நான் நூறு முறை தட்டினாலும் கான்டாக்டருக்குக் கரண்ட் போகாது. இது வயரிலேயே நடக்கிறது. எந்த மென்பொருளையும் நம்பியில்லை. அதற்கு மேல், மோட்டாருக்கென்று தனியாக, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுக்கும் இரட்டைத் துருவ எம்.சி.பி. ஒன்று, பூட்டுப் போடும் பெட்டியில். மூடியைத் தொடுவதற்கு முன் இதை இறக்க வேண்டும். இரண்டு எழுத்துகளையும் பெயின்டால் பெரிதாகத் தமிழில் எழுதினோம். கான்டாக்டர் இழுப்பதற்கு முப்பது நொடி முன்னால் கிணற்றடியில் ஒரு மணி அடிக்கும்படி டிலே டைமர் ஒன்றும் வைத்தாயிற்று.

அண்ணாச்சி இவ்வளவையும் பார்த்துவிட்டு, "பழைய காலத்துல லைன்மேன் ஃப்யூஸ் கட்டையப் புடுங்கி மடியில கட்டிக்கிட்டுத்தாம் போஸ்டுல ஏறுவாரு" என்றார். அதுவே சிறந்த முறை. என்னதான் வைத்தாலும் கட்டை நம் மடியில் இருக்க வேண்டும். வயரிங் செய்யும் ஆள் "இதெல்லாம் எதுக்கு சார், ரெண்டாயிரம் வீண் செலவு" என்று சொன்னால் கேட்காதீர்கள். தொலைவிலிருந்து ஓடும் எந்த இயந்திரத்துக்கும், அதன் பக்கத்தில் நிற்பவர் கையில் கடைசி அதிகாரம் இருக்கும்படி முதலில் ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு மற்றதை வாங்குங்கள்.

கேமராவிலும் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. வாசலில் ஒன்று, புறவாசலில் ஒன்று என்று இரண்டு வைத்திருந்தேன். கேமரா இரவும் பகலும் படத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தால் சிம் தாங்காது. நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தாலே ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜி.பி. ஆகிறது. ஆகவே படம் கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் பதிய வேண்டும். ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் செய்தி வர வேண்டும். இதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஊருக்குப் போயிருந்தபோது மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, என் மனைவியிடம் மெல்லக் கேட்டிருக்கிறார், "அந்தக் கேமரா விடியக்காலையிலயும் பாக்குமா?" என்று. அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாளில் எங்கள் கிணற்றடியில்தான் அவர் குளிப்பார், துவைப்பார். அப்பா காலத்திலிருந்து நடப்பது. நான் கேமரா வைத்த நாளிலிருந்து எட்டு மாதமாக அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. எங்களுக்குத் தெரியவும் இல்லை. அன்றே புறவாசல் கேமராவைக் கழற்றிவிட்டேன். வாசல் கேமரா தெருக்கதவையும் தார்சாவையும் மட்டும் பார்க்கும். அதன் பிளக் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

கேமரா வைப்பவர்கள் அதன் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற வைரஸ், தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே அந்த அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கியது. கேமராவின் சொந்தக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது.

இனி சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெந்நீர் கெய்சரைத் தொலைவிலிருந்து போடும் ஆசை வேண்டாம். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்பது நமக்குத் தெரியாது. மின் பூட்டு எனக்குப் பிடிக்கவில்லை. பூட்டிய வீட்டு வெயிலில் பேட்டரி கசிந்து கெட்டுப்போகும். எங்கள் தாத்தா காலத்துப் பூட்டுக்கு ஒரு முழச் சாவி இருக்கிறது, அதுவே போதும். தார்சா விளக்கைச் சாயங்காலம் ஆறு முதல் பதினொன்று வரை எரிய வைத்திருக்கிறேன். 9 வாட் பல்பு, மாதத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. ரௌட்டர், கேமரா, ஸ்விட்சுகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 16 வாட். இரண்டு மாதத்துக்கு 23 யூனிட். 2016 முதல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், ஆள் இல்லாத மாதங்களில் மோட்டாரையும் சேர்த்து எங்களுக்கு அதற்குள் அடங்கிவிடுகிறது. சாமான்களுக்கும் கூலிக்குமாக எனக்கு ஆன செலவு, திருத்த வேலைகளையும் சேர்த்து, 22,000 ரூபாய்.

சர்வரை நம்பியிருப்பதில் இன்னோர் ஆபத்து, நிறுவனமே கடையைக் கட்டிவிடுவது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றன. வீடுகளில் விளக்குகள் சுவர் ஸ்விட்சில் எரிந்தன, கைப்பேசிக்கு மட்டும் கேட்கவில்லை. கைப்பேசி செத்தாலும் சுவர் ஸ்விட்ச் வேலை செய்யும் சாமான்களையே வாங்குங்கள். கணினியில் கைவைக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளை ஊர் வீட்டில் ஒரு சின்னக் கணினியில் போட்டு, வெளிநிறுவன சர்வரை நம்பாமலே ஓட்டலாம். என் மகன் போட்டுத் தருகிறேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

2023 டிசம்பரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் திறக்கப்பட்டுத் தாமிரபரணியில் வெள்ளம். 17ஆம் தேதி சாயங்காலம் ஸ்விட்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆஃப்லைன் ஆயின. யூ.பி.எஸ். தயவில் ரௌட்டரும் கேமராவும் மட்டும் இரவு பத்து மணி வரை தாக்குப்பிடித்தன. நான் கடைசியாகப் பார்த்த படத்தில் தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு மூன்று நாள் ஒன்றும் இல்லை. அண்ணாச்சியின் போனும் இல்லை. கையில் அந்தக் கருவிகள் இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு கலங்கியிருக்கமாட்டேனோ என்னவோ. மனைவி, "வீடு கிடக்கட்டும், அவங்க ரெண்டு பேரும் எப்படி இருக்காங்களோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

20ஆம் தேதி வீரவநல்லூரிலிருந்து என் சித்தி மகன் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து பேசினான். தண்ணீர் தார்சாப் படி வரை வந்து நின்றுவிட்டது. இருவரும் நலம். ஸ்விட்சுகள் ஒரே நேரத்தில் அணைந்ததற்குக் காரணம் வெள்ளம் அல்ல. தெருவில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததும் அண்ணாச்சி குடை பிடித்துக்கொண்டு வந்து மெயின் ஸ்விட்சை இறக்கி, ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். வெள்ளத்தில் செய்ய வேண்டிய முதல் காரியம் அதுதான். தண்ணீர் வடிந்து, ஈரம் காய்ந்து, எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும் வரை திரும்ப ஏற்றக் கூடாது. இதை எந்தப் பொத்தானும் செய்யாது.

கரையானையும் எந்தக் கருவியும் சொல்லாது. ஓடு நகர்ந்து ஒழுகுவதையும், பூட்டிய அறையில் பூஞ்சை பிடிப்பதையும் சொல்லாது. மாதம் ஒரு முறை கதவு சன்னல்களைத் திறந்துவைக்க ஆள்தான் வேண்டும். முன்பெல்லாம் அண்ணாச்சிக்குப் பொங்கலுக்கு ஒரு வேட்டி, மதினிக்கு ஒரு சேலை என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, அத்தோடு கடமை தீர்ந்தது என்று இருந்தோம். 2024 பொங்கல் முதல் மாதாமாதம் 3,000 ரூபாய் அவர் கணக்கில் போடுகிறேன். முதல் மாதம் கோபித்துக்கொண்டார். "பேரனுக்குப் பள்ளிக்கூடச் செலவுக்கு இருக்கட்டும் அண்ணாச்சி" என்று மனைவி பேசிய பிறகு ஒத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் நடைமுறை இப்படி. காலை ஏழு மணிக்கு நான் முதலில் அவருக்குப் போன் செய்வேன். "யாரும் கிணத்தடில இல்ல, போடுங்க" என்று அவர் சொன்ன பிறகே தொடுவேன். அவர் எடுக்கவில்லை என்றால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. மரம் ஒரு நாள் பொறுக்கும். மோட்டாரைத் தொட வேண்டிய நாளில் அவரே முந்திக்கொண்டு கூப்பிடுவார். "தம்பி, கட்டையப் புடுங்கியாச்சு" என்பார்.

மூன்று நிலை ஸ்விட்ச், கான்டாக்டர், எம்.சி.பி. மூன்றையும் கோக்கும் வயரிங் படம் ஒன்றை எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் கையால் வரைந்து கொடுத்திருக்கிறார். அதன் பிரதிகளைச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறேன். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் அன்பர்கள் எடுத்துப்போய் உங்கள் ஊர் ஆளிடம் காட்டலாம்.